முட்டையின் உள்தோல்

ஜூலை பதினொன்றாம் தேதி, காலை ஆறு ஐம்பது. அம்பத்தூரில் தூறல். உடைந்த கணுக்காலோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஆறு ஸ்க்ரூ போட வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

கருவிகளுக்குப் பொறுப்பான அம்மாவை அங்கேதான் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். எலும்பைத் துளைக்கும் டிரில்லை ஒரு பச்சை முட்டை மேல் வைத்து அழுத்தினார்.

“என்னம்மா இது?”

“இதுல சென்சார் கீது நைனா. எலும்பு முடிஞ்சதும் தானா நிக்கணும், அந்தாண்ட நரம்பத் தொடக்கூடாது. ஓடு தொளைஞ்சு உள்தோல் கிழியலன்னா ஆபரேஷன். கிழிஞ்சா ஆம்லெட்.”

வெள்ளைக்கரு வழிந்தது.

பக்கத்தில் வந்து நின்ற டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “பரவால்ல, நான் கைப்பக்குவத்துல பாத்துக்கறேன். முனைய மாத்திட்டு இதையே குடுங்க.”

“தர மாட்டேன் சார். வேற டிரில் கீது.”

“அதை நீராவியில சுத்தம் பண்ணி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும்!”

“ஆவட்டும். கால் இவருது.”

மாற்று டிரில்லால் துளைத்த இரண்டாவது முட்டையை என் கண்ணருகே கொண்டுவந்து காட்டினார். ஓட்டில் துளை, உள்தோல் கிழியவில்லை. பிறகு அறுபத்து மூன்று நிமிடம் காத்திருந்தேன். கூரையில் நாற்பத்தெட்டுப் பலகைகள்.

தியேட்டருக்குள் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது, காது மரக்கவில்லை. டிரில் ஆறு முறை கத்தியது. ஆறு முறையும் சட்டென்று நின்றது.

மறுநாள் ஐந்து விரல்களும் அசைந்தன. அவரைத் தேடினேன், விடுப்பு என்றார்கள். பில்லை மூன்று முறை பார்த்தேன். பஞ்சு, கையுறை எல்லாம் இருந்தன. முட்டை இரண்டும் இல்லை. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தவையோ என்னவோ. மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.