பாலத்துக்கு அப்பால் ஒரு நீதிமன்றம்

ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்மன் ஊரான கேல், அந்தப் பக்கம் பிரான்ஸ். எங்கள் அறை ஜன்னலில் நின்றால் பாலத்தில் போகிற டிராம் தெரியும். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு, எட்டாம் வகுப்புப் படிப்போடு ஒன்பது ஊர்களின் உணவகங்களில் கோப்பை கழுவியிருக்கிறேன். எங்கும் கேள்விப்படாத ஒன்றை இங்கேதான் கேள்விப்பட்டேன். ஒரு நாட்டையே எதிராளியாக நிறுத்தி விசாரிக்கும் மனித உரிமை நீதிமன்றம் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறதாம்.

எனக்கு அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான். என்னோடு அறையில் இருந்த தம்பிக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவனுடைய அகதி வழக்கை ஜெர்மன் நீதிமன்றங்கள் எல்லாம் தள்ளிவிட்டன. ஊருக்குத் திருப்பி அனுப்பினால் பழையபடி பிடித்து அடிப்பார்கள் என்று வக்கீல் அம்மா அந்த நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருந்தார். அதோடு வைக்க வேண்டிய வைத்தியரின் கடிதம் விண்ணப்பிக்கக் கடைசி நாள் மத்தியானம்தான் வந்தது. கையெழுத்து வைத்து உடனே பதிவுத் தபாலில் போடும்படி வக்கீல் போனில் சொன்னார்.

"தபால் என்னத்துக்கு? டிராமிலை போய்க் கையிலை குடுத்திட்டு வாறன்" என்றேன்.

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "நானும் வாறன் அண்ணை. நீதவான் ஏதும் கேட்டால்?"

"விசா இல்லாமல் நீ பாலம் தாண்டினால் திரும்பி வர ஏலாது. சட்டையைத் தா, நான் போட்டுக்கொண்டு போறன்."

"உங்கட வயித்துக்கு அது பூட்டாது."

இறங்கும் டிராம் நிறுத்தத்தின் பெயரே மனித உரிமைகள். இரண்டு பெரிய தண்ணீர்த் தாங்கிகளைச் சரித்து வெட்டியதுபோல் கட்டடம். எதிரே சிலர் எனக்குத் தெரியாத மொழிகளில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதையெல்லாம் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன்.

காவலாளி உறையை வாங்கவில்லை. தபாலில்தான் போட வேண்டும், தபால் முத்திரையில் உள்ள தேதிதான் செல்லும் என்றார். வழக்குக்காரர் எந்த இடத்தில் நின்று பேச வேண்டும் என்று என் சமையலறைப் பிரெஞ்சில் கேட்டேன். பெரும்பாலும் யாரும் வந்து பேசுவதில்லை, கடதாசிகளைத்தான் வாசிக்கிறார்கள் என்றார்.

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது தபால் நிலையம் மூடப் பத்து நிமிடம்தான் இருந்தது.

பாலத்தின் ஜெர்மன் முனையில், இஸ்திரி போட்ட சட்டையோடு தம்பி நின்றான்.

"என்ன கேட்டவை?"

"ஒண்டும் கேக்கேல்லை. தபாலிலைதான் போட வேணுமாம், போட்டிட்டன். இந்தா, இண்டைய தேதி."

ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "அப்ப என்ரை முகத்தை ஒருத்தரும் பாக்க மாட்டினமோ?"

"கடதாசியைத்தான் வாசிப்பினமாம்."

ரசீதை மெல்ல மடித்தான். "முகத்தைப் பாத்துக் கேட்டவங்கள் நம்பேல்லைத்தானே. இவையாவது வாசிச்சுப் பாக்கட்டும்." ரசீதைச் சட்டைப் பையில் வைத்தான். "கட்டடம் எப்பிடி அண்ணை?"

அறைக்குப் போகும் வரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் சொல்லவில்லை.