கயிற்றைப் பிடித்தவள்

கிரபோவிட்சாவில் ஒரு கல்யாணப் பத்திரிகையோ, மின்சார அலுவலகத்துக்கு ஒரு புகாரோ, கறுப்புக் கட்டம் கட்டி மரத்தில் ஒட்டுகிற மரண அறிவிப்போ விதோசவா டீச்சர் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. முப்பத்தொரு வருஷமாக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் செர்பிய மொழிப் பாடம் நடத்திவந்தவள். சொந்த மாமியார் செத்த அன்றைக்கே, "ஆறாத் துயரத்துடனும் மிகுந்த வேதனையுடனும்" என்று கணவர் எழுதி நீட்டிய அறிவிப்பில் பாதியை வெட்டினாளாம். "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு தடவை அழணும்?" என்று கேட்டாளாம். கணவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கான அறிவிப்பு இரண்டே வரி.

பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். பருவத்துக்கு ஒரு கட்டுரையை வகுப்பிலேயே உட்கார்ந்து, அதற்கென்று வைத்திருக்கும் தனி நோட்டில் எழுத வேண்டும். டீச்சர் அதைச் சிவப்பு மையால் குதறித் தருவாள். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய், திருத்தங்களையெல்லாம் சேர்த்து அடுத்த பக்கத்தில் முழுக் கட்டுரையையும் மறுபடி எழுதி, அடியில் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த நோட்டில் ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது. முதலில் எழுதியதும், டீச்சர் கீறியதும், பிறகு திருந்தியதும் வரிசையாக அதிலேயே கிடக்கும். செர்பியாவில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் வழக்கம். விதோசவா மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் வைத்திருந்தாள்: ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து "நீ இங்கே எதற்கு வந்தாய்?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத வாக்கியத்தை அடித்துவிட வேண்டும்.

"விதா கையில வேதப் புத்தகத்தைக் குடுத்தா நாலு பக்கத்துல முடிச்சிருவா," என்பார் உடற்பயிற்சி வாத்தியார்.

"மூணு போதும்," என்பாள் அவள், காப்பியிலிருந்து தலை தூக்காமலே.

ஏழாம் வகுப்புக்கு வசந்த காலக் கட்டுரை எப்போதும் ஒன்றுதான்: எங்கள் ஊர்ப் பழைய காவல் கோபுரத்தின் கதை. துருக்கியர்கள் கோபுரத்தை நாற்பது நாள் முற்றுகை போட்டார்களாம். முப்பத்தொன்பதாம் நாள் ராதென்கோ என்ற காவல்காரன் பின்பக்கச் சுவரில் கயிற்றைப் பிடித்து இறங்கி ஓடிவிட்டானாம். மறுநாளே கோபுரம் விழுந்ததாம். அவன் கால் பட்ட பாறை இன்னும் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதைத் தாண்டும்போதெல்லாம் துப்பிவிட்டுத்தான் போவார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நானும் துப்பியிருக்கிறேன், எல்லாரும்தான் துப்பியிருக்கிறோம். வருஷா வருஷம் முப்பது பிள்ளைகள் அதே கோழையை அதே மாதிரி திட்டி எழுதுவார்கள். விதோசவா அதே மாதிரி திருத்துவாள்.

அப்புறம் தொண்ணூற்றொன்றாம் வருஷம் வந்தது. நாடு உடைந்து மேற்கே சண்டை. இலையுதிர் காலத்தில், ஊரெல்லாம் மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்த வாரத்தில், வீடு வீடாக ராணுவத்துக்கு அழைப்பாணை வந்தது. விதோசவாவின் ஒரே மகன் ஓக்னெனுக்கு வயது இருபத்திரண்டு. அழைப்பாணை கைக்கு வருவதற்கு முந்தின நாள் காலையில் அவன் ஹங்கேரிக்குப் போய்விட்டான்.

போனான் என்று ஊர் சொல்லிற்று. உண்மையில் அவள்தான் அனுப்பினாள். பக்கத்து நகரத்துக்குப் போய் டிக்கெட் வாங்கியது அவள். அவன் கோட்டின் உள்துணியைப் பிரித்துப் பணத்தை வைத்துத் தைத்தது அவள். "நான் எதுக்கும்மா ஓடணும்? நாளைக்கு உன் மூஞ்சில துப்புவாங்களே," என்று நின்றவனை முதுகில் கைவைத்துத் தள்ளி பஸ்ஸில் ஏற்றியதும் அவளேதான். ஆனால் ராணுவ அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோது, "தூங்கி எழுந்தேன், அவன் இல்லை," என்றாள். ஆசிரியர் அறையிலும் அதையே சொன்னாள். அங்கே ஒருபடி மேலே போய், "எனக்கு இனிமே மகன்னு யாரும் இல்ல," என்றும் சொன்னாள். பாவி, அதைக் கண் கலங்காமல் சொன்னாள்.

அடுத்த வீட்டு ஸ்லாத்கோ போருக்குப் போனான். ஓக்னெனும் அவனும் எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நவம்பரில் அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அப்பன் திராகிஷா மரண அறிவிப்பை விதோசவாவிடம் காட்டவில்லை. "வீர மரணம்" என்பது மூன்று இடத்தில் வந்த அந்தத் தாள் குளிர்காலம் முழுக்க எங்கள் தெரு மரங்களில் தொங்கிற்று. நாற்பதாம் நாள் கல்லறைப் படையலுக்கு அவள் மெழுகுவர்த்தியோடு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. சர்க்கரை போட்ட கோதுமைத் தட்டு கை மாறி வந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தார்கள். அவளிடம் வந்தபோது அவள் தலைக்கு மேலாக அடுத்த ஆளிடம் போய்விட்டது. அவள் மெழுகுவர்த்தி எரிந்து முடிகிறவரை நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

ஸ்லாத்கோவின் தங்கை நேதா அந்த வருஷம் ஏழாம் வகுப்பு. ஏப்ரலில் கோபுரக் கட்டுரை வந்தது. தலைப்பை மாற்றிவிடலாமா என்று விதோசவா ஒரு வாரம் யோசித்தாள். மாற்றினால், தன் பிள்ளையை நினைத்து மாற்றினாள் என்பார்கள். எனவே கரும்பலகையில் வழக்கம்போல எழுதிப் போட்டாள்.

நேதாவின் நோட்டு அடுக்கில் கடைசிக்கு முந்தினது. முதல் பக்கம் மற்றவர்களுடையது மாதிரியேதான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"கயிற்றை மேலிருந்து யாராவது பிடித்திருந்தால்தான் ராதென்கோ அந்தச் சுவரில் இறங்கியிருக்க முடியும். அது அவன் அம்மாவாகத்தான் இருக்கும். எங்கள் அம்மாவும் என் அண்ணனுக்குக் கயிறு பிடித்திருக்கலாம்."

விதோசவா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அந்த வாக்கியங்களை அவளுடைய சட்டப்படியே கேட்டுப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் கைக்கு வந்த எந்த வாக்கியமும் இவ்வளவு சரியாகப் பதில் சொன்னதில்லை. ஆனால் இதை விட்டுவைத்தால் திராகிஷா கையெழுத்துப் போடும்போது படிப்பான். ஓடிப்போனவனின் அம்மா எங்கள் பெண்ணைக் கெடுத்து வைத்திருக்கிறாள் என்று பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பான். அதற்குமேல் ஒரு பயமும் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்ற பயம். மூன்று வாக்கியத்தையும் சேர்த்து ஒரே கோட்டில் அடித்தாள். ஓரத்தில் "தலைப்புக்குத் தேவையில்லாதது" என்று எழுதினாள். 

மறுநாள் நோட்டை வாங்கிப் பார்த்த நேதா அதை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் தேவலாம் என்று விதோசவாவுக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், கதவைத் தட்டிக்கொண்டு ஸ்தானா வந்தாள். ஸ்லாத்கோவின் அம்மா. மகன் செத்ததிலிருந்து இந்த வாசப்படி ஏறாதவள். தலையில் கறுப்புத் துணி, கையில் நேதாவின் நோட்டு.

"உக்காரு ஸ்தானா. காப்பி போடறேன்."

"காப்பி வேண்டாம் விதாக்கா. கையெழுத்துப் போடணும். நாளைக்குக் குடுக்கணுமாம்."

"உன் வீட்டுக்காரர் போடலையா?"

"அவர்கிட்ட காட்ட வேண்டாம்னு நேதா சொல்லிட்டா." ஸ்தானா நோட்டை மேஜைமேல் விரித்தாள். மறுபடி எழுதிய பக்கம் குறையே இல்லாமல் இருந்தது. ராதென்கோ ஒரு கோழை, அவனை ஊர் மறக்காது என்று முடிந்தது. ஸ்தானா அதைத் திருப்பி, முந்தின பக்கத்துச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். "நான் படிச்சவ இல்ல, நேதாதான் படிச்சுக் காட்டினா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது எதுக்குத் தேவையில்ல?"

விதோசவா வாயைத் திறந்தாள். தலைப்பு, கட்டுரையின் ஒழுங்கு, கதையில் இல்லாததைச் சேர்ப்பது என்று முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிப் பழகியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே ஒருத்தி பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"தேவைதான்," என்றாள். "நான் பயந்து அடிச்சேன்."

"எதுக்குப் பயம்?"

"அந்தக் கயித்தைப் பிடிச்சது நான்தான், ஸ்தானா. ஓக்னென் என்கிட்டச் சொல்லாம ஓடல. நான்தான் டிக்கெட் வாங்கினேன். போகமாட்டேன்னு நின்னவனை நான்தான் பஸ்ல ஏத்தினேன். ஊர்ல அவனைக் கோழைங்கறாங்க, கேட்டுட்டு சும்மா இருக்கேன். எனக்கு மகனே இல்லன்னு வேற சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. ஏழு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. ஸ்தானா திட்டுவாள், எழுந்து போய்த் திராகிஷாவிடம் சொல்லுவாள், விடிந்தால் ஊருக்கே தெரியும். எதற்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

ஸ்தானா திட்டவில்லை. மேஜைத் துணியின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"எந்த பஸ்?"

"காலைல ஆறு மணிக்குப் போறது."

"கூட்டமா இருந்துச்சா?"

விதோசவாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தது. இத்தனை நாளும் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தாளே தவிர, இந்த ஒரு கேள்வியை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. விஷயம் வெளியே கசிந்துவிடும் என்று ஸ்லாத்கோவிடம்கூடச் சொல்லாமல் அல்லவா மகனை ஏற்றினாள்!

"சொல்லுங்க விதாக்கா. இன்னொரு சீட்டு இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய், இந்தத் தாய்க்காக. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று, பின்னாளில் விதோசவா வாயாலேயே இதைக் கேட்ட நானே பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் பொய்யெல்லாம் அவளிடம் தீர்ந்துபோயிருந்தது.

"இருந்துச்சு," என்றாள். "பாதி பஸ் காலி."

ஸ்தானா தலையை ஆட்டினாள். பேனா கேட்டு வாங்கி, திருத்தி எழுதிய பக்கத்தில் போடாமல், சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தின் அடியில் தட்டுத் தடுமாறிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அதன்பிறகு விதோசவாவிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை, சாகும்வரை.