ஓரத்தில் எழுதிய நாலு சென்டிமீட்டர்

என் மனைவி கடல் மட்டத்தை அளக்கும் விஞ்ஞானி. இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஆறு மணிக்குத் துறைமுகப் படியில் இறங்கி, தண்ணீரில் நிற்கும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள். எங்கள் கல்யாணத்தன்றும் போனாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பருவநிலை மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. உலக அறிக்கையில் எங்கள் துறைமுகக் கணக்கைச் சேர்ப்பதா, தள்ளுவதா என்று அங்கேதான் முடிவு. அவள் இருபத்திரண்டு நோட்டையும் பெட்டியில் அடுக்கினாள். எடை மீறியது. எதை வெளியே எடுத்தாள் தெரியுமா? கோட்டையும் ஸ்வெட்டரையும்.

"எல்லாத்தையும்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே! அங்க பனி கொட்டுது, வெறச்சுப் போயிடுவே."

"ரெண்டு நாள்தானேங்க, தாங்கிக்குவேன். நீங்க அளவு எடுக்க மறந்துடாதீங்க."

புது நோட்டை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள். சொன்னால் கேட்கிற ஆளா?

மாநாட்டை வீட்டுக் கணினியில் பார்த்தேன். மேடையில் கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கினாள். அறிக்கைக் குழுத் தலைவர் ஒரு சிடுமூஞ்சி. எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒன்பதாவது வருஷம் சராசரி மட்டம் ஒரே நாள்ல நாலு சென்டிமீட்டர் ஏறி, அப்படியே நின்னிருக்கு. கடல் அப்படி ஏறாதும்மா. இதை எப்படி நம்புறது?"

நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவளோ பெட்டியைத் திறந்து ஒன்பதாவது நோட்டைப் புரட்டினாள். ஓரத்தில் பென்சில் எழுத்து.

"பழைய அளவுகோல் ஒடைஞ்சு, புதுசை நாலு சென்டிமீட்டர் கீழ அடிச்சாங்க. இனிமே நாலைக் கழிக்கணும்னு அன்னிக்கே எழுதியிருக்கேன். கம்ப்யூட்டர்ல எண்ணை மட்டும் ஏத்தினேன், ஓரத்துல இருந்ததை விட்டுட்டேன். தப்பு என்னோடது. கடல் சரியாத்தான் சொல்லியிருக்கு."

அங்கேயே கழித்துப் பார்த்தார்கள். திரையில் இருந்த வரைபடத்தில் அந்தத் திடீர் ஏற்றம் மறைந்தது. கோடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. அது கவலைதான். ஆனால் இனி ஒருவரும் அதை இல்லையென்று சாதிக்க முடியாது.

"சேர்த்துக்கலாம்" என்றார் தலைவர். பிறகு தன் கோட்டைக் கழற்றி நீட்டினார். "முதல்ல இதைப் போட்டுக்குங்க. மிச்ச நோட்டையும் பார்க்கணும்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் தனியாக நின்று தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் படியில் இறங்கினேன். எண்ணைப் பார்த்து எழுதினேன். அப்புறம் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'நேற்று இவள் ஜெயித்தாள்.' வந்ததும் இதையும் விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்ல வேண்டும்.