காகிதத்தில் கட்டிய தெரு

பதிமூன்றாவது வயதில் நான் பெரியவளானேன். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. எங்கள் வீடு நாகர்கோவிலில் வடிவீஸ்வரத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. காற்று எங்கள் பக்கம் வீசினால் ஊர் நடுவில் இருக்கும் மணிமேடைக் கடிகாரம் அடிப்பது அடுக்களை வரை கேட்கும். ஆனால் கல்யாணம் ஆகிற வரை நான் வாசற்படியைத் தாண்டக்கூடாது. வருஷத்தில் இரண்டு தடவை கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். அதுவும் வில்வண்டியில், முன்னும் பின்னும் திரை கட்டி. திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தால் மாட்டின் முதுகு மட்டும் தெரியும்.

முப்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் இருந்த எல்லாக் குமரிகளுக்கும் இதுதான் வழக்கம். மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரியாது. என்னால் இருக்க முடியவில்லை. அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து மச்சுக்கு, மச்சிலிருந்து மறுபடி அடுக்களைக்கு. அரிசி களைய உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன்.

"ஏட்டி, ஒரு எடத்துல இரிட்டி. கால்ல என்ன சக்கரமா கெட்டியிருக்கு?" என்று அம்மை கத்துவாள்.

அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். ஒரு மழைக்காலம் முடிந்ததும் வக்கீலின் அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. பழைய சட்டப் புத்தகங்கள், அரசாங்க கெஜட்டுகள், வக்கீல் வரவழைத்துக்கொண்டிருந்த படம் போட்ட ஆங்கிலப் பத்திரிகைகள், விதை, கடிகாரக் கம்பெனிகளின் விலைப் பட்டியல்கள் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னாராம். அப்பாவுக்கு மனசு வரவில்லை. ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் தட்டி, மச்சில் அடுக்கினார்.

அம்மைக்கு அந்தக் குவியலைப் பார்த்ததும் பெட்டிதான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய காகிதத்தைக் கிழித்து நாலு நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த பானையின் மேல் அந்தக் கூழை அப்பிக் காயவைப்பார்கள். காய்ந்தபின் பானையிலிருந்து கழற்றினால் அரிசியும் பயறும் போட்டுவைக்க உறுதியான பெட்டி கிடைக்கும். கிழிக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரே இடத்தில் உட்காரவைக்க அம்மை கண்டுபிடித்த வழி அது.

கிழிப்பதற்கு முன் நான் ஒவ்வொரு தாளையும் பார்த்தேன். கப்பல்கள், பாலங்கள், பெயர் தெரியாத ஊர்களின் கடைத்தெருக்கள். ஒருநாள் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றின் அட்டையை உரித்துத் தரையில் நிறுத்தினேன். அது சுவர் மாதிரி நின்றது. இன்னொரு அட்டையை அதற்கு எதிரே நிறுத்தினேன். நடுவில் ஒரு தெரு உண்டாகிவிட்டது.

அப்படித்தான் தொடங்கியது. மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் கலந்துகொள்வேன். சுவருக்கு அட்டை. சுண்ணாம்பு அடித்தது போல் தெரிய அதன்மேல் பக்கங்களின் வெள்ளை ஓரத்தை வெட்டி ஒட்டுவேன். பட்டியல்களின் சிவப்புத் தாளைப் பென்சிலில் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் நெடுக இரண்டாகக் கீறினால் ஓடு போலவே வளைந்து நிற்கும். விளக்குக் கம்பத்துக்கு ஈர்க்கு. முதலில் எங்கள் தெருவைக் கட்டினேன். பிறகு கோயில் வாசலை. மூன்றாவதாக மணிமேடையில் கைவைத்தேன். அங்கேதான் பிடித்தது சனியன். சின்ன வயதில் இரண்டு மூன்று தடவை அப்பாவோடு அந்த வழியாகப் போயிருக்கிறேன். கடிகாரம் நினைவிருந்தது, சுற்றியிருந்த கடைகள் நினைவில்லை.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து ஒரு மீன்காரி தினமும் எங்கள் புறவாசலுக்கு வருவாள். அம்மையின் வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. ஊர் முழுக்கச் சுற்றுகிறவள் என்பதால் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"மணிமேடைக்குப் பக்கத்துல தையல்கடை எந்தப் பக்கம்?"

"வலத்துப் பக்கம் மோளே."

மறுநாள் கேட்டால், "இடத்துப் பக்கம்."

"நேத்து வலத்துண்ணுல்லா சொன்னிய?"

"போம்ப வலத்து. வரும்ப இடத்து. நீ மீனு வாங்குதியா, ஊரு வாங்குதியா?"

அவள் சொன்னதை வைத்துக் கட்டுவேன். அப்பாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். பிய்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். பசை காய்வதற்குள் சந்தேகம் வந்துவிடும். தினமும் நான் கேட்கிற மணி ஓசை எந்த வீதியைப் பார்த்து அடிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போனது.

எனக்குப் பதினாறு நடக்கும்போது சுசீந்திரத்தில் உறவுக்காரர் ஒருவர் இறந்துபோனார். அம்மை துட்டி கேட்கப் போனாள். அப்பா கோர்ட்டுக்குப் போயிருந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மீன்காரி வந்தாள். மீன் வாங்கினேன். கூடையைத் தூக்கிவிடும்போது கேட்டேன்.

"நானும் வரட்டா? மணிமேடை வரைக்குந்தான்."

அவள் பயந்துபோனாள். "பொன்னு மோளே, எனக்க பொழப்புல மண்ணப் போடாத. நான் கூட்டிட்டுப் போவ மாட்டேன்." சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

அம்மையின் பழைய சேலை ஒன்றைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, இருபதடி விட்டு அவள் பின்னாலேயே போனேன். தெருமுனையில் அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு அவள் நடை கொஞ்சம் மெதுவானது.

மணிமேடையைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் கட்டியிருந்தது எல்லாமே தப்பு. மேடை நான் நினைத்ததைவிட ஒல்லி. தெருக்கள் நேராக வந்து சேரவில்லை, சாய்ந்து சேர்ந்தன. ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உறுமியது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குக் கடை எத்தனை எட்டு என்று நடந்து அளந்தேன். ஒரு குடைக்கடையின் முன்னால் வண்டிச்சக்கரம் அகலத்தில் தகரத்தில் செய்த குடை தொங்கியது. ஏணியில் நின்று ஒருவர் அதற்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். மேல்பாதி கறுப்பாகிவிட்டது, அடிப்பாதி இன்னும் பச்சை. அதைக் கண்ணால் விழுங்கிவிடுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடிகாரம் தலைக்கு மேலேயே அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி ஓட்டமும் நடையுமாக வீடு வந்து தாழ்ப்பாள் போட்டேன். அம்மை வர இன்னும் நெடுநேரம் இருந்தது.

மறுநாள் மீன்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காலு சுகந்தானா மோளே?"

பத்து நாளில் பழையதை எல்லாம் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். கடிகாரத்தின் முகத்துக்கு விலைப் பட்டியலில் இருந்த கைக்கடிகாரப் படத்தை வட்டமாக வெட்டி ஒட்டினேன். தகரக் குடைக்குப் பத்திரிகையின் வழுவழுப்பான அட்டை. மேல்பாதிக்கு மை பூசினேன். அடியில் பச்சை.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அம்மையும், தக்கலையிலிருந்து அத்தையும், நாகர்கோவிலிலேயே இருக்கும் மாமா ஒருவரும் வந்திருந்தார்கள். அம்மை காகித ஊரை மச்சிலிருந்து இறக்கிக் கூடத்து பெஞ்சில் வைத்திருந்தாள்.

"எல்லாம் பிள்ளைக்க கைவேல. ஒரு எடத்துல இருந்தா அசையமாட்டா," என்றாள். நான் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அத்தை குனிந்து பார்த்தாள். வியந்தாள். பிறகு விரலை நீட்டி, "குடையக் கறுப்பாப் போட்டிருக்கியே மக்கா. அது பச்சையில்லா? நான் ஐப்பசியில வந்தப்பம் பாத்தேனே," என்றாள்.

"இல்ல அத்தே. பாதி கறுப்பு அடிச்சாச்சு. அடிப்பக்கந்தான் பச்சை."

மாமா சிரித்தார். "பிள்ளை சொல்லது சரிதான். போன மாசம் அடிச்சான். சாயம் தீந்துபோச்சோ என்னமோ, பாதியில விட்டுட்டான். நேர்ல பாத்த மாதிரில்லா செஞ்சிருக்கு!"

அத்தை நிமிர்ந்தாள். "வெளிய போகாத பிள்ளைக்கு இதெல்லாம் யாரு சொன்னா?"

"மீன்காரி சொல்லியிருப்பா," என்று அம்மை அவசரமாகச் சொன்னாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். "அவளா சொன்னா மக்கா?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். மீன்காரிமேல் பழி வரும் என்று பயந்துதான் ஆட்டவில்லை என்று பின்னாளில் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. வலத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னவள் அவள். என் எட்டுகளால் நான் அளந்து கட்டியதை அவள் சொல்லிக் கட்டியதாக ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"யாரும் சொல்லல. நானே போய்ப் பாத்தேன்."

காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அம்மை என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலை மீன்காரி வந்ததும் புறவாசலில் வழியை மறித்து நின்றாள். "நீதான் எனக்க பிள்ளையக் கெடுத்தே. இனி இந்தப் படி ஏறாத."

நான் ஓடிவந்து, "அவிய கூட்டிட்டுப் போவ மாட்டேண்ணுதான் சொன்னாவ. நானாத்தான் பொறத்தால போனேன்," என்றேன். அம்மை காதில் வாங்கவில்லை. வழக்கமாக நான்தான் ஒரு கை கொடுத்துக் கூடையைத் தூக்கிவிடுவேன். அன்று மீன்காரி தானே முழங்காலில் தாங்கி, தம் பிடித்துத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் கொடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

அன்று மத்தியானம் அம்மை காகித ஊரைத் தூக்கிக் கிணற்றடிக் கல்தொட்டியில் போட்டாள். ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. மணிமேடை வெகுநேரம் சாயாமல் நின்றுவிட்டு, பிறகு மடங்கியது. நாலு நாள் கழித்து வெந்தயத்தையும் உலக்கையையும் கொண்டுவந்து வைத்து, "நீயே இடி," என்றாள்.

இடித்தேன். அழுகை வரவில்லை. தையல்கடைக்கு இரண்டு படி வைத்திருந்தேனே, மூன்று அல்லவா என்று இடிக்கும்போதுதான் தோன்றியது. உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சரிபார்க்க வேண்டும் போலக் கால் துடித்தது. மூன்று பெட்டிகள் வந்தன. சாம்பல் நிறம், அங்கங்கே சிவப்புப் பொட்டு. அவற்றில் உளுந்து போட்டுவைத்தோம்.

ஒரு சாயங்காலம் அப்பா கிணற்றடிக்குக் கால் கழுவ வந்தார். அதுவரை இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"மக்கா, அண்ணைக்கு அங்க வேற என்ன பாத்தே?"

முதலில் பயந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், புழுதி, சாய்ந்து வந்து சேரும் தெருக்கள், ஏணியில் நின்றவர், கடைக்குக் கடை எத்தனை எட்டு என்பது, தையல்கடையின் படிகள். அப்பா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"தையல்கடைக்குப் படி எத்தன?"

"மூணுண்ணு நெனைக்கேன். ரெண்டுண்ணு வச்சிட்டேன்."

மறுநாள் கோர்ட்டிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து, "மூணுதான். பத்து வருஷமா அந்த வழியா நடக்கேன், இண்ணைக்குத்தான் பாத்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. பெண் வாத்தியார்களுக்கான பயிற்சிப் பள்ளியில் என்னைச் சேர்க்கவேண்டும் என்றார் அப்பா. விட்ட படிப்பை முதலில் முடிக்கவேண்டும், அதற்கும் ஒரு டீச்சரிடம் பேசிவிட்டு வந்திருந்தார். அம்மை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இனி இவள யாரு கெட்டப்போறா?"

"அப்பம் படிக்கட்டும்," என்றார் அப்பா.

அந்த வருஷக் கடைசியில் விருந்தாள் வந்த ஒருநாள், தெருவில் கூவிக்கொண்டு போன மீன்காரியை அம்மையே கூப்பிட்டாள். அவள் வந்தாள். மீன் கொடுத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "ஊரு வெவரம் ஒண்ணும் கேக்காத மோளே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதன்பின் எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது அது ஒன்றுதான். கல்யாணம் தட்டிப்போனது உறுத்தவில்லை.

படிப்பை முடித்து, பயிற்சியும் முடித்து, கருங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பு வழியாக இரண்டு மைல் நடக்கவேண்டும். மழையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். வகுப்பில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் பெரும்பாலும் என் குடைதான் உட்கார்ந்திருக்கும். பலகைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் நடந்துகொண்டேதான் பாடம் சொன்னேன். பிள்ளைகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

முதல் வருஷம் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் கணக்கிலும் வாசிப்பிலும் குறை சொல்லவில்லை. ஆசிரியை ஓரிடத்தில் நிற்பதில்லை என்று மட்டும் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தார். படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.