பச்சைத் தூள்

தம்போய் புறநகரில் எங்கள் வரிசை வீட்டின் பின்புறம் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் இருந்தது. அம்மா அதில் தண்டுக்கீரையும் மிளகாயும் போட்டிருந்தார். வீடு என்றதும் அந்தக் கீரை வதங்கும் வாசனையும், ஐந்தரை மணிக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிள் சந்தில் திரும்பும் சத்தமும்தான் இன்றும் எனக்கு நினைவு வருகின்றன.

அப்பாவும் அம்மாவும் சாஆ என்னும் சிற்றூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமும் நான் படித்துச் சொன்ன பிறகுதான் அர்த்தமாகும். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நான் பல்கலைக்கழகம் சேர்ந்த வருடம், கார் பட்டறையில் இருந்த அப்பாவுக்கு வேறொரு வேலைக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். மின்சாரக் கார்களின் பழைய பேட்டரிகளை உடைத்து அரைக்கும் தொழிற்சாலை. விளம்பரத்தில் மலாய் மொழியில் பச்சைத் தொழில்நுட்பம் என்று போட்டிருந்தது.

"பச்சைன்னா மண்ணுக்கு நல்லதுப்பா" என்றேன்.

"அப்ப இனிமே இந்தக் கறுப்பு எண்ணெய் கை இருக்காது லா" என்று அம்மாவிடம் கையை விரித்துக் காட்டிச் சிரித்தார்.

ஆனால் புது வேலையிலிருந்து முன்பைவிடக் கறுப்பாகத்தான் வந்தார். சட்டையில், காது மடிப்பில், மாவைவிட மெல்லிய தூள். அம்மா சட்டையை வாளியில் ஊறப்போடுவார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கீரைக் கூட்டு. அந்த ருசியில் நான் பிறகு சாப்பிட்டதே இல்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு விடுமுறையில், அம்மா அந்த வாளித் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றுவதைப் பார்த்தேன்.

"ஏம்மா அங்க ஊத்துறீங்க?"

"நீதானே சொன்ன, பச்சை, மண்ணுக்கு நல்லதுன்னு. மிளகா எப்படிக் காய்ச்சிருக்கு பாரு!"

அந்தத் தூளில் என்னதான் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். மறுநாள் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளை அப்பா கைப்பேசியில் படம் பிடித்து வந்தார். ஆங்கிலம். நிக்கல், கோபால்ட். மண்ணில் கலக்கக் கூடாது, உடலுக்குள் போகக் கூடாது. சுருக்காமல் வரிவரியாகச் சொன்னேன்.

"அலமாக், ஐயையோ" என்றார் அப்பா.

அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன மாசமா நாம இதத்தான் தின்னமா?"

கிளினிக்கில் மூவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அப்பா செடிகளைப் பிடுங்கி, மேல்மண்ணையும் வெட்டி இரண்டு சாக்கில் கட்டினார்.

"இத எங்கம்மா போடுறது?" என்று என்னிடம் கேட்டார்.

"குப்ப லோரில போடுங்கப்பா."

"அவனும் எங்கயோ மண்ணுலதானே கொட்டுவான்?"

அப்பா சாக்குகளைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். வேலைச் சட்டைகளை அங்கேயே துவைக்க வேண்டும் என்று நான் மலாயில் எழுதிய கடிதத்தையும் கொடுத்தார். ஒப்புக்கொண்டார்கள். மறுவாரம் சுத்தமான சட்டையோடு வந்து இறங்கியவரைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

அம்மாதான் கேட்டார். "அங்க தொவைக்கிற தண்ணி எங்க போவுது?"

அப்பா மறுநாள் பார்த்துவிட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் சொன்னார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கால்வாய்ல விடுறாங்க. கரையில யாரோ கங்கோங் கீரை போட்டிருக்காங்கம்மா."

நான் அடுத்த கடிதத்துக்கு இன்னொரு தாளை எடுத்து உட்கார்ந்தேன்.