ராட்டாந்தூரி மேலிருந்து பார்த்தால்

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மில்லில் கொடுக்கும் லீவு லெட்டரும் உறவுக்காரர்களுக்குக் கடுதாசியும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன், முகம் தெரியாத நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் வந்துவிட்டேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கோயமுத்தூரில் ஒரு குளத்தங்கரையில் பழைய பார்க் ஒன்று இருந்தது. என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே அது இருந்ததாம். குதிரை ராட்டினம், குட்டி ரயில், யானை முதுகிலிருந்து சறுக்கி வருகிற மாதிரி சிமெண்டில் ஒரு சறுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மரங்களைத் தாண்டி நிற்கும் ஒரு பெரிய இரும்பு ராட்டினம். எங்கள் பக்கத்தில் ஊஞ்சலைத் தூரி என்போம். இந்தப் பெரிய சுற்று ராட்டினத்தை ராட்டாந்தூரி என்போம்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா என்னையும் தங்கையையும் அங்கே கூட்டிப் போனார். தங்கைக்கு எட்டு வயது. அவள் ராட்டாந்தூரியில் அப்பாவோடு ஏறினாள். நான் பயத்தில் கீழேயே நின்றுகொண்டேன். இறங்கி வந்தவள், "மேல போனா எல்லாமே தெரியுதுண்ணா. குளம் முழுசும் தெரியுது. ரோட்டுல நிக்கிற பஸ்ஸு, பஸ்ஸுக்கு நிக்கிற சனம், அல்லாம் பொம்மையாட்டத் தெரியுது. நீ கெட்ட பயந்தாங்கொள்ளி" என்றாள். வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகும் நான் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை.

தங்கையைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய் மில்லில் வேலை. பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் மாதம் தங்கை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே பெண்பிள்ளை யாரும் இல்லை. பீளமேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். எங்களுக்கும் பிள்ளை இல்லை. என் மனைவி அவளைத் தரையில் விட்டதில்லை. தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். வலியில் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். நான்கு நாள் வீங்கியிருந்தது. மில்லில் கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

மாப்பிள்ளை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். அவள் அவரைக் 'காங்கேயத்து அப்பா' என்பாள். வேறெங்கோ இன்னொரு அப்பா இருக்கிற மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில், குழந்தைக்கு நாலரை வயதானபோது, மாப்பிள்ளை மறுகல்யாணம் செய்துகொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த தையில் வந்தவர், ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அதற்கு முன்னால் குழந்தையைக் கூட்டிப் போகிறேன் என்றார். உறவுக்காரர்களும் பொட்டப்பிள்ளை அப்பன் வீட்டில் வளர்வதுதான் முறை என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். எங்கே, எப்படி ஒப்படைப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. வீட்டிலிருந்து பிரித்தால் அழுது ஆகாத்தியம் செய்வாள் என்று எல்லோரும் பயந்தோம்.

மாப்பிள்ளை, "கன்னுக்குட்டியப் பால் மறக்கடிக்கோணும்னா தாய் கண்ணுல படாம கட்டோணுமுங்க மச்சா. வெளையாட்டுப் போக்குலயே கூட்டிட்டுப் போயிர்றனுங்க" என்றார்.

பார்க்கில் வைத்து ஒப்படைக்கலாம் என்று சொன்னது நான்தான். ராட்டாந்தூரியில் அவரோடு ஏற்றிவிட்டு, அவள் சுற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கிளம்பிவிடுவது என்பதும் என் யோசனைதான். யாரோ சொன்னார்கள் என்று இன்றைக்கு எழுத முடியாது.

பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை. எனக்கு வார லீவு. மனைவி விடியற்காலையிலேயே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கித் தூக்குப்போசியில் போட்டாள். குழந்தைக்கு இரட்டைச் சடை பின்னினாள். துணிகளையும் தடுப்பூசிச் சீட்டையும் ஒரு ரெக்ஸின் பையில் வைத்தாள். ஒரு கவுனை மட்டும் வைக்கவில்லை. "அது ஈரமா இருக்குதுங்க. பொறகு வந்து எடுத்துக்கட்டும்" என்றாள். குழந்தை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. புள்ள எங்ககிட்டயே இருக்கட்டும்னு. மாட்டேன்னு சொன்னா உட்டுருங்க. கேக்காம மட்டும் வந்தராதீங்க."

"நீயும் வாயேன் அம்மணி."

"நான் வரலீங்க. நான் வந்தா புள்ளைய உட்டுட்டு வரமாட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ள, புள்ள எங்ககிட்டயே இருக்கட்டுங்க. மாப்பிள்ள, உங்களுக்கு எப்பப் பாக்கோணும்னாலும் வாங்க, ஆனா புள்ள இங்கயே இருக்கட்டுங்க. உதடு அசைந்திருக்கும் போலிருக்கிறது.

"மாமா, யாரு கூடப் பேசறீங்க?"

"யாரு கூடவும் இல்ல கண்ணு."

"இந்தப் பையில என்னங்க மாமா?"

"அது காங்கேயத்து அப்பாவுதுங்க கண்ணு."

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடங்களில் பரீட்சை நேரம். பார்க்கில் கூட்டமே இல்லை. மாப்பிள்ளை வாசலில் காத்திருந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார். பாக்கெட்டில் குழந்தைக்கு மிட்டாய். குட்டி ரயிலை எங்கள் மூன்று பேருக்காகவே ஓட்டினார்கள். சறுக்கில் அவள் பத்துத் தடவையாவது ஏறி இறங்கியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் மேலே நின்று, "மாமா, பாருங்க" என்று கத்திவிட்டுத்தான் சறுக்கினாள். நான் பார்க்காமல் அவள் சறுக்குவதில்லை.

மதியம் குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குளத்தில் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. மிச்சத் தண்ணீரில் வெயில் கூசியது. குழந்தை தனக்குப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வாத்துகளைப் பார்க்க ஓடினாள். மாப்பிள்ளை போசியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றார்.

"அக்கா கையில என்னமோ இருக்குதுங்க மச்சா. அரிசிம்பருப்ப இப்பிடி ஆரு ஆக்குறா."

நான் சிரித்தேன்.

"ஏனுங்க மச்சா, வந்ததுல இருந்து நாலு வார்த்தை பேசியிருப்பீங்களா? மில்லுல நூலு அறுந்தாக்கூட நீங்க சத்தம் போடமாட்டீங்களாட்ட இருக்குது."

அதற்கும் சிரித்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்தவ நல்லவதானுங்க மச்சா. புள்ளைய நல்லா பாத்துக்குவா. அதுல உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாமுங்க."

"செரிங்க."

"நீங்க வேற ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

இப்போதும் அந்தக் கேள்வி காதில் அப்படியே இருக்கிறது. அவர் சும்மா கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சளி புடிச்சா தேங்காயெண்ணெயக் காய்ச்சி, கற்பூரம் போட்டு, நெஞ்சுல தேச்சு உடோணுங்க மாப்பிள்ள."

"தேங்காயெண்ணெய்க்கு எங்கூர்லயா பஞ்சமுங்க மச்சா" என்றார். சிரித்தோம். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

ராட்டாந்தூரி ஓட்டுகிறவர் மர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் பீடியை அணைத்துவிட்டு வந்தார். "மாமா, நீங்களும் வாங்க" என்று குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"மாமனுக்குப் பயங்க கண்ணு. நீயும் அப்பாவும் ஏறுங்க. நான் கீழ நின்னு பாக்கறேன்."

"பாத்துட்டே இருக்கோணும்."

"பாத்துட்டே இருக்கறேன்."

தொட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஓட்டுகிறவர் குறுக்குக் கம்பியை மாட்டினார். ரெக்ஸின் பையை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தேன். தொட்டில் பின்பக்கமாக மேலே நகர்ந்தது. அவள் முகம் மறைந்தது. நான் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம்கூட நாங்கள் 'வாரேன்' என்று சொல்லாமல் கிளம்புவதில்லை. அவளிடம் சொல்லவில்லை.

பின்னால் ஓட்டுகிறவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏனுங்க தம்பி, வாங்க, நாலு பேரு ஏறுனாத்தான் சுத்தும். ஒருபக்கம் மட்டும் கனம் இருந்தா மிசின் சுத்தாதுங்க." அது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

ரோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். வெயிலுக்கு ஆளே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினேன். மரங்களுக்கு மேலே ராட்டாந்தூரி தெரிந்தது. அது சுற்றவில்லை. உச்சியில் ஒரு தொட்டில் நின்றிருந்தது. அதில் இரண்டு தலை. ஒன்றில் இரட்டைச் சடை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதிர்ப்பக்கம் ஏற்ற ஆள் கிடைக்கும் வரைக்கும் அவர்களை உச்சியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும். தங்கை சொல்லியிருக்கிறாள், எட்டு வயதில், வழி நெடுக. பஸ்ஸுக்கு நிற்கிற சனம்கூட பொம்மையாட்டத் தெரியுது என்று. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வந்ததும் நான்தான்.

குழந்தை அழவில்லை, கத்தவும் இல்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொன்னவன் நான்.

திரும்பிப் போயிருக்கலாம். ரோட்டைத் தாண்டினால் வாசல். நான் நிழற்குடையின் தூணுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றேன். வளர்ந்த ஆம்பிளை, ஒரு குழந்தைக்குப் பயந்து. பஸ் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்படியே இருந்தாள். மறுபடி மறைந்தேன். மறுபடி எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை அவள் தலையில் கை வைத்திருந்தார். அவரும் இந்தப் பக்கம்தான் பார்த்தார்.

ஒரு பஸ் வந்தது. ஏறி, குளம் தெரியாத பக்கமாக உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும்வரை ராட்டாந்தூரி சுற்றவில்லை.

மனைவி நடையிலேயே நின்றிருந்தாள். "கேட்டீங்களா?" என்றாள். நான் போசியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதைப் பற்றி என்றைக்குமே கேட்கவில்லை. ஈரம் என்று சொன்ன கவுன் கொடியில் காய்ந்து கிடந்தது.

குழந்தை நன்றாகத்தான் வளர்ந்தாள். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு வருவாள், மாமா என்பாள், காலில் விழுவாள். அந்த நாள் அவளுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. இந்தக் கேள்வியும் தொண்டை வரைக்கும் வந்து நின்றதுதான்.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். போனேன். மூன்றரை மணிக்குத் திரும்பி வரும்போது முனை மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டு, கடைக்குக் காங்கேயத்திலிருந்து மாப்பிள்ளை போன் செய்ததாகச் சொன்னார். பாப்பா காலையில் இரண்டு இட்லி தின்றாளாம். மாமனுக்குப் பஸ் கிடைத்ததா என்று கேட்டாளாம். கிடைத்துவிட்டது என்று அவரே சொல்லிவிட்டாராம்.