மறுமுறை கேட்காத ஊர்

திண்டுக்கல்லில் கையூம் பாயைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் அப்துல் கையூம். தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தாவாக நுழைந்து, முதலாளியே எழுந்து நின்று பேசும் இடத்துக்கு வந்த மனிதர். ஆத்தூர் நீர்த்தேக்கம் வறண்டு கிடந்த கோடையில் தெருத்தெருவாகத் தண்ணீர் லாரி விட்டவர். முதலாளியிடம் சொல்லி ஐஸ் பெட்டி ஒன்று வாங்கி ஊருக்கென்று வைத்திருந்தார். செம்பட்டியில் சாவு விழுந்தாலும் அந்தப் பெட்டிதான் போகும். யார், எவர் என்று கேட்டதில்லை.

வீட்டிலும் குறை சொல்ல முடியாது. தம்பிகளைக் கரையேற்றினார், தங்கைகளைக் கட்டிக் கொடுத்தார். மனைவி குர்ஷித் பேகத்துக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியபின், எந்தத் தேசத்து வியாபாரி வந்து காத்திருந்தாலும் சிகிச்சை நாளில் அவர் ஆஸ்பத்திரியில்தான். மனைவியின் காலைப் பிடித்துவிட்டபடி போனில் கம்பெனியை நடத்துவார். குர்ஷித்துக்கு இருந்தது ஒரே ஆசை. "அயாஸ் மொகத்தப் பாத்துட்டுப் போயிரணுங்க" என்பாள். மகன் அயாஸ் ஷார்ஜாவில் இருந்தான். லீவு கிடைக்காமல் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இம்புட்டு நல்ல மனிதருக்கு என்ன குறை என்கிறீர்களா? இருந்தது. அவர் முதலில் சொல்வதுதான் கடைசிச் சொல். "பாய், ஒரு தடவ யோசிச்சு..." என்று இழுத்தவர்கள் மறுநாள் குடோனுக்கு மாற்றப்பட்டார்கள். கம்பெனியில் பிடித்த பழக்கம் தெருவுக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது. அவர் எள் என்றால் ஊர் எண்ணெயாக நிற்கும். அதை மரியாதை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தெருப் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குச் செயலாளர் ஆனதும் அவர் கொண்டுவந்த முதல் சட்டம் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்குவது பற்றியது. அதற்குமுன் வெளிநாட்டுப் பிள்ளை வரட்டும் என்று சிலர் இரண்டு நாள்கூடப் போட்டு வைத்தார்கள். பணக்கார வீட்டுக்குக் காத்திருப்பார்கள், இல்லாதவன் வீட்டுக்கு அவசரப்படுத்துவார்கள். கையூம் பாய் ஒரே வெட்டாக வெட்டினார். காலையில் மவுத்தானால் சாயங்கால அஸர் தொழுகையோடு அடக்கம். யாருக்காகவும் நிறுத்துவது கிடையாது.

அந்தச் சட்டம் முதலில் பாஸிலாவின் தலையில் விழுந்தது. தையல் தைத்துப் பிழைப்பவள். புருஷன் மவுத்தான அன்று அவளுடைய மகன் ரியாத்திலிருந்து கிளம்பிவிட்டான். "பொழுது அடையறதுக்குள்ள வந்துருவான்ணே, செத்த நேரம் பொறுங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "தங்கச்சி, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர். மனசுக்குள் வருத்தம்தான். ஆனாலும் அன்றைக்கு நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிறைவோடு தூங்கினார். அந்தத் தூக்கத்தை என்னவென்று சொல்வது!

போன மாசி மாதம், விடியற்காலை பஜ்ர் பாங்கு சொல்லும் நேரத்தில் குர்ஷித் போய்ச் சேர்ந்தாள்.

மகள் பர்ஹானா அழுதுகொண்டே போனோடு வந்தாள். "அத்தா, அண்ணன் டிக்கெட் போட்டுட்டான். மதுரையில எறங்கி, இஷாவுக்குள்ள வந்துருவானாம்."

அஸருக்கும் ராத்திரித் தொழுகையான இஷாவுக்கும் நடுவே ஒரு மூன்று மணி நேரம். அவ்வளவுதான்.

ஜமாஅத் தலைவர் இஷாக் வந்தார். பால்ய சிநேகிதர். பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் கேட்டார்: "பாய், தம்பி வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்போமா? ஐஸ் பெட்டியக் கொண்டாரச் சொல்லட்டுமா?"

முற்றம் முழுக்க ஆட்கள். எல்லார் கண்ணும் அவர் மேல். பெண்கள் பக்கத்துக் கதவருகே பாஸிலா நிற்பதையும் பார்த்துவிட்டார்.

"வேணாம் இஷாக். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வாய்தான் அப்படிச் சொல்லிற்று. மனசு வேறொன்றுக்குக் காத்திருந்தது. விருந்தில் இலையை மறைத்து 'போதும்' என்றால் யாராவது கரண்டியோடு திரும்பிப் போவார்களா? 'அட, வாங்கிக்கங்க' என்று மறுபடி வைப்பதுதானே நம் ஊர் வழக்கம்? இஷாக் இன்னொரு தடவை கேட்பார், நாலு பெரியவர்கள் சேர்ந்து வற்புறுத்துவார்கள், அப்போது தலையாட்டிவிடலாம் என்று இருந்தார். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

"சரிங்க பாய்" என்று சொல்லி இஷாக் எழுந்து போய்விட்டார்.

குளிப்பாட்டினார்கள். கஃபன் துணி சுற்றினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அவர் வாசலைப் பார்த்தார், இஷாக்கைப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பர்ஹானா இரண்டு தடவை அவர் முன்னால் வந்து நின்றாள். அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். வாயைத் திறந்து 'நிறுத்துங்கப்பா' என்று சொல்ல அவருக்கு யார் தடை? சொல்லவில்லை மனிதர். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றியபோது முன்காலைப் பிடித்தவரே அவர்தான்.

இஷா நேரத்தில் அயாஸ் நேராக, அடக்கம் முடிந்திருந்த மையவாடிக்கு வந்தான்; கையூம் பாயும் இஷாக்கும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மண் ஈரமாக இருந்தது. "யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டான்.

இஷாக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "ஐஸ் பெட்டி கொண்டாரவான்னு நானே கேட்டேன் தம்பி. ஒங்க அத்தா ஒரே வார்த்தையில வேணாம்னுட்டாரு. இப்பிடி ஒரு மனுஷன் எந்த ஊர்ல கெடைப்பாரு?"

அயாஸ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "ஊருக்கெல்லாம் குடுத்த பொட்டி, எங்கம்மாவுக்கு இல்லையா அத்தா?"

இன்னொரு தடவை கேட்பார்கள் என்று நினைத்தேன் மகனே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? அயாஸ் மூன்றாம் நாளே விமானம் ஏறினான். இப்போது பர்ஹானாவுக்கு மட்டும்தான் போன் வருகிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்தது, போய்விட்டது.

ரம்ஜான் கழிந்து பாஸிலா இறந்தாள். அவள் மகன் ரியாத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். தகப்பன் முகத்தைத்தான் பார்க்கவில்லை, தாய் முகத்தையாவது பார்க்கட்டும் என்று கையூம் பாய் செருப்புக்கூடப் போடாமல் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

"இஷாக், அந்தப் பிள்ள வரட்டும். நிறுத்தி வைங்க. நான் சொல்றேன்."

இஷாக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் அத்தனை மரியாதை.

"என்ன பாய் இப்பிடிச் சொல்றீங்க? பெத்த மகனுக்கே நிறுத்தாதவரு நீங்க. இனி யாருக்கு நிறுத்தினாலும் அது ஒங்களுக்குச் செய்யற துரோகம்ல?"

அவர் இரண்டாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை கெஞ்சினார். அஸருக்குப் பாஸிலாவை எடுத்தார்கள்.